மகள் சீனாவுக்குப் போக நான் செய்த உதவி

நான் இதுவரை செய்த முட்டாள்தனங்களை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினால், பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கக் குவெஸ்தூரா என்ற பொலிஸ் தலைமையக வாசலில் காலை ஆறு மணிக்கு நிற்கும் வரிசையைவிட அது நீளமாக இருக்கும். அதில் முதலில் நிற்பது எது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில், நாற்பது பெற்றோருக்கு நடுவில், தூக்க வேண்டிய ஒரு கையைத் தூக்காமல் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்திருந்தேன். ஐம்பது வயது கடந்த, மீசை நரைத்த, மற்றவர்களுக்குப் புத்தி சொல்லிப் பழகிய ஒரு மனிதன் இதைச் செய்தான்.

என் மகள் இத்தாலியின் சிசிலித் தீவில், பலெர்மோவில் பிறந்தவள். மொழிகளைப் பாடமாகக் கொண்ட உயர்பள்ளி ஒன்றில் மூன்று வருடமாகச் சீனமொழி படிக்கிறாள். ஏன் சீனம் என்று கேட்டபோது, "பிரெஞ்சு வகுப்பிலை இடமில்லை" என்றாள். இடமில்லாமல் தொடங்கியது போகப் போகப் பைத்தியமாகிவிட்டது. கோப்பை கழுவும்போதும் சொற்களை ஏற்றி இறக்கிச் சொல்லிக்கொண்டிருப்பாள். "இவள் பாடுறாளோ, ஆரையும் திட்டுறாளோ?" என்று என் மனைவி கேட்பாள். எனக்கும் தெரியாது. கோயில் மண்டபத்தில் சனங்கள் கேட்டால் மட்டும், "சீனம் எண்டால் சும்மா இல்லை, ஒரே சொல்லை நாலு விதமாச் சொல்லோணும்" என்று நானே படித்தவன்போல விளக்குவேன்.

சென்ற மாரிகாலம் அந்தப் பள்ளிக்கூடம் ஒரு படிப்புப் பயணத்துக்கு ஆயத்தமானது. ஈஸ்டர் முடிந்தபின் இருபத்திரண்டு மாணவர்கள், இரண்டு ஆசிரியைகள், பதினைந்து நாள். சீனாவில் ஒரு பள்ளிக்கூடத்திலேயே தங்கி, காலையில் வகுப்பு, பின்னேரம் ஊர் பார்ப்பது. தெரிவுப் பரீட்சையில் மகள் மூன்றாவதாக வந்திருந்தாள். அன்றிலிருந்து வீட்டில் வேறு கதை இல்லை. பெற்றோர் கூட்டத்துக்கு நான் புறப்பட்டபோது கதவடியில் நின்று ஒரே ஒரு வேலை தந்தாள்.

"அப்பா, எங்கட பாஸ்போர்ட்டைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கோ. மறக்காதேங்கோ."

"ஓம் பிள்ளை, ஓம்."

நான் மறக்கவில்லை. மறந்திருந்தால் இந்தக் கதைக்குக் கொஞ்சம் மரியாதை இருந்திருக்கும்.

அன்று நான் ஒரு கோட்டுப் போட்டிருந்தேன். நான் வேலை செய்யும் வீட்டுச் சின்யோராவின், அதாவது வீட்டுக்கார அம்மாவின், காலமான கணவருடையது. ஒட்டக நிறம், உள்ளே பட்டுத் துணி. அதைப் போட்டால் நான் யாருடைய வீட்டையும் துடைப்பவனாகத் தெரிய மாட்டேன் என்பது என் நம்பிக்கை. பக்கத்துக் கதிரையில் இருந்த ஒரு தாய், வைத்தியர் என்று நினைக்கிறேன், "உங்கள் மகளின் இத்தாலியன் எவ்வளவு அழகு!" என்றார். நான் கோட்டின் கழுத்தைச் சரிசெய்துகொண்டு, சிசிலியின் பழைய பிரபு ஒருவரைப்போலத் தலையை ஆட்டினேன்.

அப்போதுதான் சீனமொழி ஆசிரியை மேடையில் நின்று கேட்டார்: "இத்தாலியப் பாஸ்போர்ட் இருப்பவர்களுக்கு இப்போது விசா தேவையில்லை. வேறு நாட்டுப் பாஸ்போர்ட் உள்ள பிள்ளைகள் யாராவது இருக்கிறார்களா? பெற்றோர் கையைத் தூக்குங்கள்."

இலங்கையில் எங்கள் பக்கத்தில், போர் நடந்த அந்த வருடங்களில் வளர்ந்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மேசைக்கு அந்தப் பக்கம் நிற்கும் ஒருவர், "இன்ன ஊர்க்காரர் ஆர், கையைத் தூக்குங்கோ" என்றால் கை தானாகக் கல்லாகிவிடும். தூக்கியவர்களை ஒரு பக்கமாக நிற்கச் சொல்வார்கள். அந்தப் பக்கம் போய் நின்றவர்களின் கதைகள் எல்லாம் நல்லபடியாக முடிந்தவை அல்ல. கேட்டவர் இங்கே சிவப்புக் கண்ணாடி போட்ட ஓர் ஆசிரியை என்பது மூளைக்குத் தெரியும். கைக்குத் தெரியவில்லை. நியாயமாகச் சொன்னால், கை பாரமாக இருந்ததற்கு அது பாதிக் காரணம். மற்றப் பாதி அந்தக் கோட்டு.

"ஒருவரும் இல்லை. நல்லது" என்று ஆசிரியை அடுத்த விடயத்துக்குப் போனார். கூட்டம் முடிந்ததும் தனியாகப் போய்ச் சொல்லலாம் என்று நினைத்தேன். கூட்டம் முடிந்ததும் அந்த வைத்தியத் தாய் என்னோடு வாசல்வரை கதைத்துக்கொண்டே வந்தார். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். நாளை என்பது எங்கள் வீட்டில் எப்போதும் தயாராக இருக்கும் ஒரு பொருள்.

"கேட்டனீங்களோ?" என்றாள் மகள்.

"எல்லாம் சரி" என்றேன்.

புறப்பட ஐந்து வாரம் இருக்கையில் பாஸ்போர்ட் பிரதிகளைக் கேட்டார்கள். இருபத்தொரு பிரதிகள் ஒரே மாதிரி வந்தன. ஒன்றில் மட்டும் இலங்கைச் சிங்கம் வாளோடு நின்றது. இந்த நாட்டில் பிறந்தாலும், எங்களைப் போன்றவர்களின் பிள்ளைகளுக்குப் பதினெட்டு வயதுவரை அந்தச் சிங்கம்தான் துணை. ஆசிரியை திகைத்துப் போனாராம். விசா இல்லாமல் இவள் விமானத்திலேயே ஏற முடியாது. அதற்குச் சீனப் பள்ளிக்கூடத்திலிருந்து அழைப்புக் கடிதம் வர வேண்டும், அதோடு ரோமுக்குப் போய் விண்ணப்பிக்க வேண்டும். புறப்படுவதற்குப் பத்து நாள் முன்பு, ஒரு வெள்ளிக்கிழமைக்குள், விசா ஒட்டிய பாஸ்போர்ட் கையில் வராவிட்டால் அவளுடைய இடம் காத்திருப்புப் பட்டியலில் முதலாவது நிற்கும் பிள்ளைக்குப் போய்விடும்.

அன்று பின்னேரம் மகள் புத்தகப் பையைக்கூடக் கழற்றாமல் குசினிக்குள் வந்து நின்றாள்.

"பெர்கே, அப்பா? ஏன்? சீனம் படிப்பிக்கிற புரோப் கேட்டவவாம். நீங்கள் அங்கை இருந்தனீங்களாம். ஏன் கை தூக்கேல்லை?"

மனைவி அடுப்பைக் குறைத்துவிட்டுத் திரும்பினாள். இரண்டு பேரும் பார்த்தார்கள். எனக்குப் பகிடி ஒன்று வாயில் வந்தது. நல்ல காலம், விழுங்கிவிட்டேன்.

"தோள் நோ..." என்று தொடங்கினேன்.

"தோளோ!" என்றாள் மனைவி. "இந்தாள் போன கிழமைதான் சின்யோராவின்ர பியானோவைத் தனியத் தள்ளினவர்."

மகள் அதற்குப்பிறகு என்னோடு கதைக்கவில்லை. பலெர்மோவின் ஒரேத்தோப் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டில் இரண்டு அறைதான். அந்த இரண்டு அறைக்குள் ஒருவரைச் சந்திக்காமல் வாழ்வதற்குப் பெரிய திறமை வேண்டும். பிள்ளைக்கு அந்தத் திறமை இருந்தது.

அழைப்புக் கடிதம் ஒன்பது நாளில் வந்தது. மனைவி ஒரு நீலக் கோப்புத் தயாரித்தாள். எங்கள் சனத்தில் இது ஒரு வழக்கம்: எந்த அலுவலகத்துக்குப் போனாலும் பிறந்த நாள் முதல் இன்றுவரை உள்ள கடதாசி எல்லாம் போக வேண்டும். பிறப்புப் பத்திரம், ஞானஸ்நானப் பத்திரம், தடுப்பூசி அட்டை, முதலாம் வகுப்பில் சித்திரத்துக்குக் கிடைத்த சான்றிதழ், எல்லாம். "சீனாக்காரன் இவளுக்கு அம்மை ஊசி போட்டதோ எண்டு கேக்கப் போறானோ?" என்று சிரித்தேன். மனைவி சிரிக்கவில்லை. கோப்பு முழுவதையும் என் பைக்குள் தானே வைத்தாள்.

புறப்படும் காலையில், சியாகுல்லி என்ற இடத்துப் பழத்தோட்டத்தில் வேலை செய்யும் சிநேகிதர் ஒரு பை நிறைய மண்டரினோ கொண்டுவந்து தந்தார். மாசி, பங்குனியில் பழுக்கும் தோடம்பழச் சாதி, தேன்போல இருக்கும். ரோமில் எங்களுக்குப் படுக்க இடம் தரும் மச்சானுக்கு வெறும் கையோடு போக முடியுமா? பைக்குள் திணித்தேன். கொள்ளவில்லை. ஏதாவது ஒன்றை வெளியில் எடுக்க வேண்டியிருந்தது. பாஸ்போர்ட், கடிதம், விண்ணப்பம், படம் எல்லாம் மகளின் பையில் பத்திரமாக இருந்தன. என் பையில் இருந்தது அந்த நீலக் கோப்பு மட்டும்தான். மிச்சத்தை நீங்களே ஊகித்திருப்பீர்கள். நீங்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்.

ரோமுக்குப் பகல் ரயிலில் பன்னிரண்டு மணித்தியாலம். மெசீனாவில் கடலைக் கடக்க ரயிலைத் துண்டு துண்டாக்கிக் கப்பலுக்குள் ஏற்றுவார்கள். இத்தனை வருடத்தில் எத்தனையோ தடவை பார்த்தும் எனக்கு அது அதிசயம்தான். "இஞ்சை பார் பிள்ளை, ரயில் கப்பல் ஏறுது!" என்றேன். பிள்ளை காதில் செருகியிருந்ததை இன்னும் உள்ளே தள்ளிவிட்டாள்.

மறுநாள் காலை விசா நிலையத்தில் எங்கள் இலக்கம் வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சீனப் பெட்டை, இருபத்தைந்து வயது இருக்கும். மகள் ரயில் முழுவதும் மனப்பாடம் செய்த வணக்கத்தையும் இரண்டு வசனத்தையும் சீனத்தில் சொன்னாள். அந்தப் பெட்டை கண்ணை அகல விரித்து, அசல் ரோம் நகர இழுவையோடு இத்தாலியனில் சொன்னாள்: "ஐயோ, மெல்லமாச் சொல்லு! நான் இஞ்சை பிறந்தவள். உன்ர சீனம் என்ர சீனத்தை விட நல்லம். என்ர அம்மாவுக்கு முன்னாலை மட்டும் இப்பிடிக் கதைச்சிடாதை."

பல நாளுக்குப் பிறகு மகள் சிரித்தாள். அதற்குள் அந்தப் பெட்டை கடதாசிகளைப் புரட்டிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நீங்கள் ஆர்?"

"தகப்பன்."

"குடும்பப் பெயர் வேறையாக் கிடக்கு."

எங்கள் வீட்டில் மூன்று பேர், மூன்று குடும்பப் பெயர்கள். எனக்கு என் அப்பாவின் பெயர், மனைவிக்கு அவளுடைய அப்பாவின் பெயர், மகளுக்கு என் பெயர். கீழே வாசல் மணிக்குப் பக்கத்தில் மூன்றையும் ஒட்டியிருக்கிறோம். தபால்காரர் பல வருடமாக எங்களை மூன்று வாடகைக்காரர் என்றே நினைத்திருந்தார். இதை எல்லாம் நான் கைகளாலும் விளக்கினேன். அந்தப் பெட்டை பொறுமையாகக் கேட்டாள்.

"விளங்குது. ஆனால் தாய் தகப்பன் பெயரோடை பிள்ளையின்ர பிறப்புப் பத்திரம் வேணும். பிரதி எண்டாலும் காணும். இண்டைக்கு மூண்டு மணிக்கு முதல் கொண்டுவந்தால் இண்டைக்கே எடுப்பன். இல்லாட்டித் திரும்ப நாள் பதியோணும், ரெண்டு கிழமை செல்லும்."

இரண்டு கிழமை என்றால் வெள்ளிக்கிழமை தாண்டிவிடும். மகள் என் பக்கம் திரும்பி, கையை நீட்டினாள். கோப்புக்காக. நான் பையைத் திறந்தேன். மண்டரினோ வாசம் விசா நிலையம் முழுக்கப் பரவியது.

வெளியே வந்து நடைபாதையில் நின்று மனைவிக்கு எடுத்தேன். மணி பதினொன்றரை.

"என்ன, குடுத்தாச்சோ?"

"ஒரு சின்ன விசயம்..."

"உங்கட சின்ன விசயம் எனக்குத் தெரியும். சொல்லுங்கோ."

"அந்த நீலப் பைல் மேசையிலை கிடக்கும்."

"நான் பையுக்குள்ளை வைச்சனான்."

"நான் எடுத்து வெளியிலை வைச்சனான்."

"ஏன்?"

"மண்டரினோ கொள்ளேல்லை."

மனைவி மிகவும் அமைதியாகச் சொன்னாள்: "அந்தப் பைலுக்குள்ளை உங்களையும் வைச்சுப் பூட்டியிருக்கோணும். பிள்ளையிட்டைச் சொல்லுங்கோ, நான் வேலையாலை வெளிக்கிடுறன் எண்டு."

அவள் வேலை செய்யும் வீடு கடற்கரைப் பக்கம், மொண்டெல்லோவில். அங்கிருந்து ஒரேத்தோவுக்கு இரண்டு பஸ். பலெர்மோவில் பஸ் வருமா என்று கேட்பது மழை வருமா என்று கேட்பதுபோல. வரும், ஆனால் ஒருவரும் நேரம் சொல்ல மாட்டார்கள்.

மகளும் நானும் நடைபாதை ஓரத் திட்டில் உட்கார்ந்தோம். செய்வதற்கு எதுவும் இல்லை. நான் ஒரு பழத்தை உரித்து நீட்டினேன். பார்க்காமல் வாங்கினாள். இரண்டாவதைப் பார்த்து வாங்கினாள். நான்காவதோடு கைத்தொலைபேசியை எடுத்து எதையோ முணுமுணுக்கத் தொடங்கினாள்.

"என்ன அது?"

"அங்கை பள்ளிக்கூடத்திலை எல்லாரும் தங்கட குடும்பத்தைப் பற்றி வாசிக்கோணும்." கதைத்துவிட்டாள்! நான் அசையாமல் இருந்தேன், புறா பறந்துவிடும் என்பதுபோல.

"என்னைப் பற்றியுமோ?"

"ஓம். நாலு வசனம்."

"நாலுதானோ?"

"எனக்குத் தெரிஞ்ச சொல்லுகள் அவ்வளவுதான்."

"சொல்லன்."

ஒவ்வொரு வசனத்தையும் சீனத்தில் வாசித்துத் தமிழில் சொன்னாள். "'என்ர அப்பா இலங்கைத் தமிழர், ஒரு சின்னத் தீவிலை பிறந்தவர். ஒரு வயசான அம்மாவின்ர வீட்டைத் துப்புரவாக்கிறார். அவர் சமைச்சால் நல்ல ருசி. அவர் பகிடி விட்டால் ஒருத்தரும் சிரிக்கிறேல்லை.'"

"இதை வகுப்பிலை வாசிச்சனியோ?"

"ரெண்டு தரம். கடைசி வசனம் புரோப்புக்கு நல்லாப் பிடிச்சது."

"அப்ப... எல்லாருக்கும் தெரியுமோ?"

"என்ன தெரியுமோ?"

"நாங்கள் ஆர் எண்டு."

அவள் முதல்முறையாக என்னை நேராகப் பார்த்தாள். "அப்பா, நான் கறுப்பு. மத்தியானம் புட்டுக் கொண்டு போறனான். மூண்டு வருசமா எனக்குப் பக்கத்திலை இருக்கிறவைக்குத் தெரியாதோ? நீங்கள் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு போனால் மறைஞ்சிடும் எண்டு நினைச்சனீங்களோ?"

"அது நல்ல கோட்டு" என்றேன்.

"தோள் பெரிசு உங்களுக்கு" என்றாள். இன்னொரு பழத்தை எடுத்தாள். "எனக்கு அங்கை போகோணும், அப்பா. அவ்வளவுதான். வேற ஒண்டும் இல்லை."

மன்னிப்புக் கேட்டேன். எங்கள் ஊர் அப்பாமாருக்கு அது தெரியாத மொழி. நாலு விதமாகச் சொல்ல முயன்று ஒருவிதமாகச் சொல்லி முடித்தேன். அவள் என் மடியில் தோல்களைக் கொட்டினாள். அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

இரண்டு மணி ஐந்துக்குக் கைத்தொலைபேசியில் மனைவியிடமிருந்து முதலாவது படம் வந்தது. அவளுடைய பெருவிரல். இரண்டாவது, ஞானஸ்நானப் பத்திரம். மூன்றாவது, சித்திரச் சான்றிதழ். கோபத்தில் கோப்பு முழுவதையும் அனுப்பத் தொடங்கிவிட்டாள். ஏழாவதாக வந்தது பிறப்புப் பத்திரம். மகள் ஓடினாள். நான் மண்டரினோவோடு பின்னால் ஓடினேன். மூன்றாம் தெருவில் வங்காளி ஒருவரின் கடையில் பிரதி எடுத்து, மூன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் கண்ணாடிக்கு முன்னால் நின்றோம். அந்தப் பெட்டை கடதாசியை வாசித்து, என்னைப் பார்த்து, முத்திரையை எடுத்தாள்.

"சரி, தகப்பன்தான்" என்றாள்.

அன்று பின்னேரம் மச்சானுக்கு எட்டுப் பழம் கிடைத்தது. விசா வந்ததும் பாஸ்போர்ட்டை அவரே போய் வாங்கி, பலெர்மோ வந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டார். வியாழக்கிழமை அது எங்கள் கையில். வெள்ளிக்கிழமை காலை மகள் அதைத் தானே கொண்டுபோய் ஆசிரியையிடம் கொடுத்தாள். என்னிடம் தர ஒருவருக்கும் துணிவில்லை.

பிறகு பதினைந்து நாள் எங்கள் மதியச் சாப்பாடு, தொலைபேசியில், சீனாவோடுதான். நாங்கள் சோறு போடும்போது அவளுக்கு அங்கே இருட்டு. காலையில் முற்றத்தில் ஆயிரம் பிள்ளைகள் வரிசையாக நின்று பாட்டுக்கு உடற்பயிற்சி செய்வார்களாம், எங்கள் பலெர்மோப் பிள்ளைகள் மட்டும் எதிர்ப்பக்கம் திரும்புவார்களாம். மத்தியானம் எல்லாரும் மேசையில் தலை வைத்துத் தூங்க வேண்டுமாம், அதில் மட்டும் பலெர்மோதான் முதலிடமாம். தூரிகை பிடித்து ஒரே ஓர் எழுத்தை ஒரு மணித்தியாலம் எழுதினாளாம். "இஞ்சை எல்லாரும் சுடுதண்ணிதான் குடிக்கினம், அம்மா மாதிரி" என்றாள். மனைவி, உலகின் பாதி தன் பக்கம் என்று என்னைப் பார்த்தாள். சாப்பாட்டில் உறைப்பு அதிகமாம். மற்றப் பிள்ளைகள் கண்ணீரோடு கோப்பைகளை இவள் பக்கம் தள்ள, இவள் எல்லாவற்றையும் வழித்துச் சாப்பிட்டுவிட்டாளாம். சமையல்கார அம்மா வந்து இவள் முதுகில் தட்டினாராம்.

ஒருநாள் ஆசிரியை பெற்றோர் குழுவுக்கு ஒரு காணொளி அனுப்பினார். ஒரு பெரிய வகுப்பு, ஐம்பது சீனப் பிள்ளைகள், முன்னால் என் மகள். கடதாசியைப் பார்க்காமலே சொன்னாள். நாலாவது வசனத்தில் முழு வகுப்பும் சிரித்தது. என் பகிடிக்கு இவ்வளவு பெரிய சிரிப்பு வந்தது அதுதான் முதல்தடவை. ஆனால் அதைச் சொன்னது நான் இல்லை. முடிந்ததும் ஒரு பிள்ளை எழும்பி ஏதோ கேட்டது.

"என்ன கேட்டது?" என்றேன் தொலைபேசியில்.

"உன்ர ஊர் எது எண்டு."

"என்ன சொன்னனீ?"

"ஒரேத்தோ எண்டன். அது ஒரு நாடு எண்டு நினைச்சிட்டினம்."

அடுத்த வருடம் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு மூன்று மாதம் போய்ப் படிக்கலாமா என்று இப்போதே ஆசிரியையிடம் கேட்டு வைத்திருக்கிறாள். போவாள் என்றுதான் நினைக்கிறேன்.

அவள் திரும்பி வந்த மாதம், கோயில் மண்டபத்தில் ஒரு பிறந்தநாள் விழா. சாப்பிட்டு முடிந்தபின் ஆண்களும் பெண்களுமாகப் பத்துப் பேர் கதிரைகளை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். நான் இந்தக் கதையை முழுதாக அவிழ்த்தேன். ரயில் கப்பல் ஏறியது, கண்ணாடிப் பெட்டையின் குரல், பஸ்ஸில் மனைவி, தெருவில் என் ஓட்டம் எல்லாவற்றையும் நடித்தே காட்டினேன். கடைசியில், "என்ன இருந்தாலும் பிள்ளையைச் சீனாவுக்கு அனுப்பிப் போட்டன்" என்று மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். எல்லாரும் கைதட்டினார்கள். பக்கத்து ஊரான பகேரியாவிலிருந்து ரயிலில் வருகிற ஓர் அக்கா, விழாவுக்கு விழா நாலு வார்த்தைக்குமேல் கதைக்காதவர், மடியில் கேக் கோப்பையோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி," என்றார், "நீர் இல்லாட்டி இதிலை ஒரு கதையும் இல்லை. பிள்ளை பேசாமல் சீனாவுக்குப் போயிட்டு வந்திருப்பாள்."